மொட்டைத்தழை தின்ற வருஷம்

கிடாய் செத்து ஒன்பது மாதம் ஆகிறது. அது இருந்த மந்தையில் இன்றைக்கு முப்பத்தேழு ஆடுகள் நிறைசினை. இதைப் பதிவேட்டில் என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் பிலோமினா பேனாவை மூடி வைத்தாள்.

“மேடம், சத்தியமா மெஷின் ரிப்பேர் இல்லை,” என்றான் சிராஜுதீன். ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் அந்தக் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் கால்நடை மருத்துவன் அவன், பிலோமினா அங்கே கம்பளி விஞ்ஞானி. தோளில் ஸ்கேன் பெட்டியும் கையெல்லாம் ஜெல்லுமாகக் காலையிலிருந்து பட்டிக்குள் குந்தியிருந்தான். “எல்லாம் இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல குட்டி போட ஆரம்பிச்சிரும். ஆட்டுக்குச் சினைக்காலம் அஞ்சு மாசம். கிடாய் செத்தது தை இருபது. இன்னிக்கு ஐப்பசி இருபது. கணக்கு உதைக்குதா இல்லையா, நீங்களே சொல்லுங்க.”

“வேற கிடாய் எதாவது வந்து போயிருக்கும்.”

“அது மேஞ்ச மலைக்காட்டுக்குள்ளயா? அங்க யானைதான் வரும்!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. ஏனென்றால் அந்தக் கிடாய் இந்த நிலையத்தில் பிறந்த கிடாய். இருபத்துமூன்றாம் நம்பர். கழுத்தில் செம்மறிக்கு வழக்கமில்லாத ஒரு செம்பட்டை வளையம். கம்பளி நன்றாகத் தரும் இனத்தைக் கலக்கலாம் என்று பிலோமினாதான் அதை நாச்சிமுத்து என்ற ஆட்டுக்காரனிடம் கொடுத்திருந்தாள். தை இருபதாம் தேதி விடிகாலைப் பனியில் பொள்ளாச்சி ரோட்டில் வந்த லாரி ஒன்று மந்தைக்குள் புகுந்தது. நாச்சிமுத்துவும் போனான், கிடாயும் போனது. நாச்சிமுத்துவுக்கு வயது முப்பத்தொன்று.

கருமாதி முடிந்த கையோடு அவன் மனைவி மாசாணி மீதி மந்தையைத் தனியாளாக ஓட்டிக்கொண்டு மலையேறினாள். அந்த வருஷம் இரண்டு மழையும் பொய்த்து, அடிவாரத்தில் கரட்டுப் புல்கூட இல்லை. மலையில் பச்சையாக நின்றது மொட்டைத்தழை ஒன்றுதான். முழங்கால் உயரச் செடி, புளிப்பு வாடை. ஆடு தின்றால் சாகாது, ஆனால் மயிர் மொத்தமும் கழன்று விழுந்துவிடும். ஆட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உயிர் போவதற்கு மயிர் போனால் என்ன என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆடிப் பதினெட்டுக்கு மழை இறங்கி, அவளும் மந்தையோடு இறங்கியபோது நாற்பத்துமூன்று ஆடும் தோல் தெரிய நின்றன. கம்பளி நிலையத்து வாசலில் கம்பளியே இல்லாத மந்தை! பிலோமினா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அன்றிலிருந்து மந்தையை நிலையத்துப் பட்டியிலேயே வைத்து, முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறையும் பத்து ஆட்டில் அரிசி அளவுக்குத் தோல் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இங்க வா,” என்று சிராஜுதீனை ஆய்வு அறைக்குக் கூட்டிப் போனாள். “ஆடி மாசத்துல எடுத்த முதல் தோலை இன்னொரு தடவை பாரு. மயிர்க்காலோட அடிக்குமிழ். உடம்புலயே இங்கதான் செல்லு ரொம்ப வேகமாப் பெருகும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், மேல தள்ளித் தள்ளித்தான் மயிர் நீளும்.”

அவன் கண்ணை வைத்தான். “எல்லாம் செத்துக் கிடக்குது.”

“அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறது. செத்திருந்தா சுருங்கியிருக்கும். இது முழுசா, உயிரோட, சும்மா நிக்குது. செல்லு ரெண்டாப் பிரியணும்னா முதல்ல தன்னோட டிஎன்ஏவை நகல் எடுக்கணும். நகலெடுக்கற சாமானைச் செய்யறதுக்கு இரும்பு வேணும். இந்தத் தழையில இருக்கற பொருளு அந்த இரும்பைப் போய் இறுக்கிப் பிடிச்சுக்குது. சவுண்டல் மரத் தழையில மயிரைக் கொட்ட வைக்கற மைமோசின்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி. நகலெடுக்க முடியாத செல்லு கதவுகிட்ட வந்து நின்னுடும். மயிர் மெலிஞ்சு அறுந்து விழும். ஆனா தழையை நிறுத்தின அஞ்சாம் நாளு, பாரு, இந்த அடுத்த கண்ணாடி, அத்தனை செல்லும் ஒண்ணா உள்ள நுழையுது. ஒரு ஆட்டுல இல்லை, பத்து ஆட்டுலயும் ஒரே நாள்ல.”

சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் நாக்கு நின்றுவிட்டது. உடம்பில் வேகமாகச் செல் பெருகும் இடம் மயிர்க்கால் மட்டும்தானா?

“மாதாவே!” என்றாள். தூத்துக்குடிக்காரி அவள், பயந்தாலும் சந்தோஷப்பட்டாலும் அதுதான் வாயில் வரும். “சிராஜ், அந்தக் குட்டிகளுக்கு அப்பன் இருபத்துமூணாம் நம்பர்தான். மார்கழி கடைசியில, தை முதல்ல தங்கின சினை. தழை உள்ள போனதும் வயித்துக்குள்ள அப்படியே நின்னுடுச்சு. ஆறு மாசம் நின்னிருக்கு. அம்மா மயிர் முளைச்ச அன்னிக்கு இதுவும் மறுபடி வளர ஆரம்பிச்சிருக்கு.”

சிராஜுதீன் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “புல்லு வர்ற வரைக்கும் குட்டி காத்திருந்துச்சுங்கறீங்க,” என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

அன்று மத்தியானமே மாசாணி வந்தாள். வாரா வாரம் வருகிறவள்தான். வந்தால் ஆட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் நிற்பாள். இன்றைக்கு நேராக அறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஏனுங் டாக்டரம்மா, என்ற பட்டிய நீங்களே வெச்சுக்கறீங்களா?”

“ஏன், உனக்கு என்ன ஆச்சு?”

“கார்த்திகை பாதிக்குள்ள ஊரை விட்டுப் போயிரோணும்னு மாமன் சொல்லிப்போட்டாருங்க. என்ற வூட்டுக்காரரோட அண்ணன், ஆறுச்சாமி. ஆடு எல்லாம் அவுங்க குடும்பத்து ஆடாம். எனக்குப் போக எடமில்லீங்க. அப்பன் ஆத்தா ரெண்டு பேருமே இல்லை. ஆடாச்சும் நல்ல கையில இருக்கட்டும்னு...”

“எதுக்காகப் போகச் சொல்றாரு?”

மாசாணி சேலைத் தலைப்பை விலக்கி வயிற்றின்மேல் கையை வைத்தாள். நாலு மாதம் இருக்கும்.

“புருசன் செத்து ஒம்போது மாசங்க,” என்றாள். “ஊருல இது காட்டிலாகா கார்டோட புள்ளைங்கறாங்க. இன்னொருத்தன் மாமனையே சொல்றானாம், அவருதான் மாசம் ரெண்டு தடவை மலைக்கு ராயி மாவு கொண்டாந்து குடுத்தாரு. அந்தப் பேச்சுக் கேட்டதுலருந்து அவரு என்ற மூஞ்சியப் பாக்கறதில்லீங்க.”

பிலோமினா அவளைப் பார்த்தாள். மூன்று மாதமாக ஆட்டைத்தான் பார்த்திருக்கிறாள், ஆட்டுக்காரியைப் பார்க்கவில்லை. என்ன படிப்பு படித்து என்ன! தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. அதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் குட்டை முடி.

“அந்தத் துண்டை அவிழ்.”

“வேண்டாங்க, அசிங்கமா இருக்கும். அவரு போன வெசனத்துல மலையிலயே எல்லாங் கொட்டிப்போச்சு. இப்பத்தான் மொளைக்குது.”

“அவிழ்த்துக் காட்டும்மா.”

ஒரு விரற்கடை நீளம். தலை முழுவதும் ஒரே சீராக, வெளியே பட்டியில் நிற்கும் ஆடுகளின் முதுகில் இருக்கும் அதே சீர்.

“மலையில என்ன சாப்பிட்டே?”

“ராயிக்களிங்க. தொட்டுக்க மொட்டத்தழைத் தொவையல்.”

“அதை ஏன் சாப்பிட்டே? ஆட்டுக்கே மயிர் கொட்டும்னு தெரியுமில்ல?”

“புது மேய்ச்சலுக்குப் போனா ஆடு கடிக்கறதுக்கு முன்ன மேய்க்கறவ ஒரு வாய் கடிச்சுப் பாக்கோணும்ங்க. எங்க வளமை அது. நாம திங்காததை ஆட்டுக்குக் காட்டக்கூடாதும்பாங்க. அப்பறம் வேற பச்சையே கண்ணுல படலை, புளிப்பா வாய்க்கும் நல்லா இருந்துச்சு. தெனமும் அரைச்சுக்கிட்டேன். மசுரு போனா போகுதுன்னு உட்டுட்டேனுங்க, ஆருக்குக் காட்டப்போறேன்.”

பிலோமினா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். சொல்லலாமா? ஆட்டில் பார்த்ததே இன்று காலையில்தான். ஒரு வேளை தப்பாக இருந்தால், ஆற்றில் போகிறவளுக்குத் துரும்பைக் கொடுத்த பாவம் வந்து சேரும். ஆனால் சொல்லாமல் அனுப்புகிற நெஞ்சும் அவளுக்கு இல்லை. உட்கார வைத்து, ஆடுகளில் ஆரம்பித்து, மெதுவாகச் சொன்னாள்.

மாசாணி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அழுதாள் என்றுகூடச் சொல்ல முடியாது, தேம்பினாள்.

“அப்ப நான் கிறுக்கி இல்லீங்களா?” என்றாள். “நானே என்னைய நம்பலீங்க டாக்டரம்மா. எவனாச்சும் வந்து, வெசனத்துல நாந்தான் மறந்துபோட்டனோன்னு... எத்தனை நாள் ஓசிச்சிருக்கறேன் தெரியுங்களா? ஊரு பேசறதைத் தாங்கிக்கலாம். என்ற புத்தியே என்னையப் பேசுச்சுங்க.”

பிலோமினா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆறு மாசம் வளராம இருந்துச்சுங்களா?” என்று மாசாணி திடீரென்று கேட்டாள். “நான் அங்க தனியாக் கெடக்கறேன்னு அழுதனே. உள்ள ஒருத்தரு இருந்துக்கிட்டேதான் இருந்தாங்களா!”

அந்த நிமிஷம் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பிலோமினா மறக்கமாட்டாள்.

ஆனால் ஆறுச்சாமிக்கு வெளிச்சம் போதாது, அத்தாட்சி வேண்டும். மூன்று வாரம் இருந்தது.

முதல் வேலையாக மாசாணியின் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு மழித்தாள் பிலோமினா. தினம் எவ்வளவு வளர்கிறது என்று அளக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அது மாறும். பிறகு நிலையத்தின் சொந்த ஆடு ஒன்று, நாற்பது நாள் சினை, அதற்கு மொட்டைத்தழை போட்டார்கள். மாசாணியை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை நல்லபடியாக இருந்தது. அங்கே இருந்த டாக்டர் சாதாரண நாலரை மாதக் கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை.

நிலையத்து ஆட்டை சிராஜுதீன் தினம் ஸ்கேன் செய்தான். தழை போட்ட மூன்றாம் நாள் குட்டி முப்பத்தாறு மில்லிமீட்டர் இருந்தது. பதின்மூன்றாம் நாளும் முப்பத்தாறு.

“வாங்க மேடம், வந்து பாருங்க,” என்று அன்று கூப்பிட்டான். திரையில் நெல்லிக்காய் அளவுக் குட்டிக்குள் நெஞ்சு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. “இதயம் அடிக்குது. ரத்தம் ஓடுது. ஒரு மில்லி கூட வளரலை. இதயம் துடிக்கறதுக்குப் புதுச் செல்லு வேண்டாம் பாருங்க, இருக்கறதை வெச்சு அடிச்சுக்கிட்டே இருக்கு.”

கோயிலுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது பிலோமினாவுக்கு. இருபது வருஷம் கம்பளியைப் பார்த்தாயிற்று. ஒரு ஆட்டின் முதுகில் மயிர் நிற்கிற இடத்தில் உலகத்தின் இவ்வளவு பெரிய கதவு ஒன்று இருக்கும் என்று அவள் கனவிலும் எண்ணியதில்லை.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றான் சிராஜுதீன். “இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு ஓசிச்சீங்களா? மில் ஹாஸ்டல்ல இருக்கற புள்ளைங்களுக்கு, கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் வயித்துல இருக்கறதை நிறுத்தி வையும்மான்னு மில்லுக்காரன் மாத்திரை குடுப்பான். மாமியார்க்காரி நல்ல நட்சத்திரம் வர்ற வரைக்கும் நிறுத்துன்னு சொல்லுவா.”

“பஞ்சத்துல பட்டினி கிடக்கற பொம்பளைக்கு ஒரு வழியாவும் இருக்கலாம்,” என்றாள் அவள். ஆனால் அவன் சொன்னதுதான் மனதில் தைத்தது. அன்று சாயங்காலம் தழையை நிறுத்திவிட்டார்கள். ஐந்து நாள் கழித்து அந்தக் குட்டி விட்ட இடத்திலிருந்து வளர ஆரம்பித்தது. நிலைய இயக்குநருக்கு எழுதிய அறிக்கையைப் பிலோமினா இரண்டு முறை கிழித்தாள்.

கார்த்திகை ஐந்தாம் தேதி மாசாணியின் மந்தையில் முதல் குட்டி விழுந்தது. கழுத்தில் செம்பட்டை வளையம்.

கார்த்திகை பதினைந்து. ஆறுச்சாமி பட்டியை ஓட்டிப்போக நிலையத்துக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். நெடுநெடுவென்ற ஆள், தலைப்பாகை, தோளில் கத்தரிப்பை. சுற்றுவட்டாரத்தில் மயிர் கத்தரிப்பதில் அவருக்கு ஜோடி கிடையாது. அவர் கத்தரித்த ஆட்டின்மேல் ஒரு கீறல் இருக்காது. மாசாணி தூரத்தில் மரத்தடியில் நின்றாள். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“உக்காருங்க,” என்றாள் பிலோமினா.

“நிக்கறனுங் அம்மணி. சோலி கெடக்குது.”

“இந்தக் குட்டிகளைப் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. வளையம் இருக்குது. இங்கிருந்து எதோ கெடாய் தப்பிச்சுப் போயிருக்கும்.”

“அந்த வளையம் இருந்தது ஒரே கிடாய்க்குத்தான். அதோட ரத்தம் எங்ககிட்ட இருக்கு. குட்டி ரத்தமும் எடுத்து அனுப்பினோம்.” பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து வந்திருந்த தாளை நீட்டினாள். “அப்பன் இருபத்துமூணாம் நம்பர்னு எழுதியிருக்கு.”

ஆறுச்சாமி தாளை வாங்கவில்லை. “அந்தக் கெடாயை நாந்தானுங்க குழி வெட்டிப் பொதைச்சேன்,” என்றார்.

“தெரியும்.”

“பத்து மாசமாச்சுங்க.”

“ஆமா.”

அவர் பட்டியைப் பார்த்தார். இருபது குட்டிக்கு மேல் துள்ளிக்கொண்டிருந்தன. ஆட்டுக்காரனுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தார். பிலோமினா மயிர்க்காலில் தொடங்கி வயிறுவரை எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஆட்டை ஒத்துக்கறனுங்க,” என்றார் முடிவில். “கண்ணுல பாத்தாச்சு. மனுசி ஆடுங்களா?”

“மயிர்க்கால்ல ரெண்டும் ஒண்ணுதான். அவ தலையைப் பாருங்க.”

“அது முடியக் கத்தரிச்சுக்கிட்டு நாடகமாடுதுன்னு எங்க சொந்தம் ஒறம்பரைல சொல்றாங்க.”

மாசாணி காதில் அது விழுந்துவிட்டது. விறுவிறுவென்று வந்தாள். அவருடைய கத்தரிப்பையிலிருந்தே கத்தரியை உருவி, உச்சியில் ஒரு கொத்தை அடியோடு வெட்டி, மேஜைமேல் வைத்தாள். “நீங்க மசுரு பாக்கறவருதானுங் மாமா? பாருங்க.”

ஆறுச்சாமி தயங்கினார். பிறகு அந்தக் கொத்தை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். நுனியை மட்டும் மறுபடி மறுபடி தடவினார். அவர் விரல்கள் நின்றன.

“இது வெட்டின முடி இல்லீங்க,” என்றார். “வெட்டினா நுனி மழுங்கிக் கெடக்கும். இது ஊசியாட்டம் இருக்குது. கன்னிமயிரு. குட்டிக்கு மொதக் கத்தரிப்புல இப்படித்தான் வரும். வேரோட போயிட்டுப் புதுசா மொளைச்சதுங்க.”

பிலோமினாவே இதை யோசித்திருக்கவில்லை. “அளந்து பாருங்க,” என்று அளவுகோலை நகர்த்தினாள். சரியாக நாற்பது மில்லிமீட்டர். மழித்த இடத்தில் இருபது நாளில் ஏழு வளர்ந்திருந்ததைச் சொல்லி, ஒரு தாளை எடுத்து அவர் கண்முன்னாலேயே எழுதினாள். நாற்பது வளர நூற்றுப்பதினைந்து நாள். பின்னோக்கிப் போனால் ஆடி மாதம் இருபத்துமூன்று: மலையிறங்கி, தழை நின்ற ஐந்தாம் நாள்.

“ஆட்டுக்கும் அதே நாள்தான். ஸ்கேன்படி பிள்ளை தங்கி மொத்தம் நூத்திமுப்பத்திநாலு நாள் வளந்திருக்கு. அதுல நூத்திப்பதினஞ்சு போனா மிச்சம் பத்தொன்பது. மலையேறித் தழை உடம்புல ஏறினது மாசி எட்டு. அதுலருந்து பத்தொன்பது நாள் முன்னால போங்க. ஒரு வாரம் முன்ன பின்ன இருக்கலாம், பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை பிறந்ததும் உங்க ரத்தத்தோட ஒத்துப் பாத்து உறுதியும் பண்ணிக்கலாம்.”

ஆறுச்சாமி விரல்விட்டு எண்ணினார். உதடு அசைந்தது.

“தை பத்தொம்பது,” என்றார்.

பட்டியில் குட்டிகள் கத்தின. மாசாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“எந்தம்பி புள்ளை,” என்றார் அவர். “அவன் போனதுக்கப்பறம் காத்திருந்த புள்ளை.” துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு முதல்முறையாக மாசாணியை நேராகப் பார்த்தார். “வூட்டுக்குப் போ கண்ணு. பட்டி உன்றது. ஆரு வாயத் தெறந்தாலும் நாம் பாத்துக்கறேன்.”

மாசாணி அவர் காலில் விழப் போனாள். அவர் வேகமாக விலகிக்கொண்டார். “எனக்கு அந்த யோக்கியதை இல்லை, போ” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டிகளிடம் போனாள்.

ஆறுச்சாமி போகவில்லை. மேஜைமேல் கிடந்த முடிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மணி,” என்றார், “இந்தத் தழை எத்தனை வருசமா இந்த மலையில இருக்குதுங்க?”

“எப்பவும் இருந்திருக்கும். பஞ்ச வருஷத்துலதான் ஆடு அதுகிட்டப் போகும்.”

“பதிமூணு வருசத்துக்கு முன்ன ஒரு பஞ்சம். அப்ப நான் கேரளாவுக்கு ரப்பர் தோட்டத்துக்குப் போயிட்டனுங்க, தையில போயி கார்த்திகையில வந்தேன். என்ற ஊட்டுக்காரிதான் மலையில பட்டியப் பாத்துக்கிட்டா. வந்து பாத்தா வயித்துல அஞ்சு மாசம்.” அவர் முடிக்கொத்தை விரலால் தொட்டார். “தலையில ஒரு விரக்கடை முடிதான் இருந்துச்சுங்க. ஒரே சீரா. சத்தியம் பண்ணுனா. பட்டியத் தொட்டு, வயித்துப் புள்ளையத் தொட்டு, எல்லாத்தையுந் தொட்டுப் பண்ணுனா. மொட்டச்சின்னு சொல்லி, வெளக்குமாத்தால அடிச்சுத் தொரத்துனேன்.”

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?” என்றாள் பிலோமினா.

“வெள்ளகோயில்ல அவ தங்கச்சியூட்டுல இருக்கறா. பொண்ணு பொறந்துச்சு. போன வருசம் காங்கயம் சந்தையில தூரத்துல பாத்தனுங்க. நடக்கறப்ப எடது தோளு எறங்குது. எனக்கும் எறங்கும், எங்கப்பனுக்கும் எறங்கும். பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். கள்ளப் புள்ளைக்கு எதுக்கு என்ற தோளுன்னு கோவம் வந்துச்சுங்க அன்னிக்கு.”

“அந்தப் பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்,” என்றாள் அவள் மெதுவாக.

“இனி எதுக்குங்க? அவளைச் சோதிக்கற சோலியெல்லாம் அப்பவே பண்ணியாச்சு.” அவர் கணக்கு எழுதிய தாளைப் பார்த்தார். “இதே மாதிரி இன்னொண்ணு எழுதிக் குடுங்க. தழை, மயிரு, வயிறு, எல்லாம். அதுக்குக் கீழ, ஆறுச்சாமி பண்ணினது தப்புன்னு எழுதுங்க. ஆபீசு தாள்ல எழுதிச் சீல் போட்டுக் குடுங்க. என்ற வாயில சொன்னா அவ நம்ப மாட்டா, கதவையே தெறக்க மாட்டா.”

அரசாங்கத் தாளில் அப்படி எழுத எந்த விதியும் இடம் கொடுக்காது. பிலோமினா இழுப்பறையைத் திறந்து லெட்டர்பேடை எடுத்தாள். முத்திரையைத் தேடி மைப்பெட்டியின் பக்கத்தில் வைத்தாள்.

“யார் பேருக்கு எழுதணும்?”

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“துளசிமணி,” என்றார். பதின்மூன்று வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை.